தொப்பை ஓட்டிய விமானம்

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நீயும் மகளும் கிளம்பியதும், மாப்பிள்ளை வாங்கிய ரிமோட் விமானத்தை நாங்கள் மேஜையில் வைத்துப் பாகம் பாகமாகப் பொருத்த உட்கார்ந்தோம். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னை "சார்" என்றே கூப்பிடுவது உனக்குத் தெரியும். எனக்கு உறுத்தியதுதான் உனக்குத் தெரியாது.

விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியைக் கடைசியில்தான் மாட்டவேண்டுமாம். அழகாக இருக்கட்டும் என்று நான் முதலிலேயே மாட்டிவிட்டேன். அவர் பேட்டரியை இணைத்தார். எட்டிப் பார்த்த என் தொப்பை ரிமோட் குச்சியைத் தள்ளிவிட்டது. விமானம் உறுமிக்கொண்டு பாய்ந்தது.

"ஐயோ மாமா, கையை எடுங்க!"

விரல்கள் தப்பின. திரைச்சீலை பற்றி நேரில் பேசுவோம்.

"ஏன் மாமா, கொஞ்சமாவது அறிவிருக்கா? அத்தைக்கு யாரு பதில் சொல்றது?" என்று இன்னமும் திட்டிக்கொண்டிருக்கிறார். அவசரப்பட்டு வந்து இந்தச் சுகத்தைக் கெடுத்துவிடாதே.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் மாமா