உறுமிக்கு ஆடாத கோல்கீப்பர்

16-1-38

இன்றைய ஆட்டத்துக்கு மாட்டுச் சந்தைப் பொட்டலில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். ஹாக்கி தெரிந்தவர் அதில் நடுவர் ஒருவர்தான், அவர் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. மற்றவர்களுக்கு இது மாடு இல்லாத மஞ்சுவிரட்டு. "கொம்பப் பிடிடா, விடாத!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். யாருக்குக் கொம்பு? பந்துக்கா? பந்து கோட்டைத் தாண்டி வாய்க்காலில் விழுந்தபோதுதான் கைதட்டல் அதிகம்.

எங்கள் கம்பம் டீமின் செயலாளர் ஜவுளிக்கடை பலவேசம் மதராசில் ஆட்டம் பார்த்தவராம். அவர் "ஹிப் ஹிப்" என்றால் ஜனங்கள் "ஹுர்ரே" சொல்ல வேண்டும். சொன்னார். பெண்கள் பக்கத்திலிருந்து குலவை வந்தது. மனிதர் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

கோல்கீப்பரான எனக்கும் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஒரு கோல் விட்டுவிட்டேன், அவ்வளவுதான்:

"பாத்தான் பாரு பாத்தான் பாரு
பந்து போகப் பாத்தான்!"

மெட்டு என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

23-1-38

அம்மா மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். ஐயா இருந்தவரை எங்கள் கருப்பு கோயிலில் அவர்தான் சாமியாடி. அவர் போய் ஒரு வருஷமாகிறது. இந்தச் சிவராத்திரிக்கு நான் ஆட வேண்டுமாம்.

"ஏலே முத்துக்கருப்பா, உங்கய்யா நின்ன எடம் காலியாக் கெடக்குடா."

நான் சுயமரியாதைக்காரன், சாமியுமில்லை பூதமுமில்லை என்றேன்.

"நீயாவா ஆடப்போற? உறுமி மேளத்தக் கேட்டா சாமி அதுவா எறங்கும்."

சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

6-2-38

மதுரையில் ஒரு மில் டீமுக்கு ஆள் எடுக்கும் குருசாமி இறுதி ஆட்டத்துக்கு வருகிறாராம். கோல்கீப்பர் தேவையாம். பிடித்துப்போனால் மில்லில் வேலை, ஆடுவதற்கே சம்பளம். கடவுளே! (பழக்கதோஷம். எழுதியதை அடிக்காமல் விடுகிறேன்.) வாழைத்தார் சுமந்து சுமந்து தோள் காய்த்துவிட்டது. இந்த ஒரு ஆட்டம் போதும் எனக்கு.

1-3-38

நேற்று சிவராத்திரி. கோயிலுக்குப் போகவில்லை. அம்மா மட்டும் போனாள். உறுமிச் சத்தம் வீடுவரை கேட்டது. காலில் எறும்பு ஊறுவதுபோல் இருந்தது. குளிர்தான். வேறென்ன?

4-3-38

ஞாயிற்றுக்கிழமை தேவதானப்பட்டியோடு இறுதி ஆட்டம். பலவேசம் வந்தார். "தம்பி, ஹுர்ரே நம்ம சனத்துக்கு ஒத்துவரலப்பா. சுருளியாண்டிய உறுமியோட வரச் சொல்லிட்டேன். கோலுக்குப் பின்னாடியே நிப்பாப்ல. பொம்பளயாளுக குலவை போடுவாக. தேவதானப்பட்டிக்காரன் மிரண்டு ஓடணும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? பயமாக இருக்கிறது என்றா? போன வாரம்தான் காப்பிக்கடையில் சாமியாடிகளைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். மேசையில் ஏறி ஆடிக்கூடக் காட்டினேன். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"நல்ல யோசனை" என்றேன்.

6-3-38

நான் ஆடவில்லை. ஆடவில்லை.

7-3-38

இரண்டாவது பாதி வந்தும் இரு பக்கமும் கோல் இல்லை. முதுகுக்குப் பின்னால் உறுமி. அப்புறம் குலவை. அப்புறம் முகத்தில் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மிச்சத்தை ஊரே சொல்கிறது. நாக்கைத் துருத்திக்கொண்டு, மட்டையை அரிவாளாகத் தூக்கிக்கொண்டு, கோலை விட்டுவிட்டு நடு மைதானத்துக்கே போய்விட்டேனாம். அப்போது பந்து தேவதானப்பட்டி ஆதித்தன் காலடியில். எதிரே காலி கோல். தட்டிவிட்டிருந்தால் கோப்பை அவர்களுக்கு. அந்தப் புண்ணியவான் மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினானாம்: "சாமி, எனக்குக் கல்யாணம் எப்ப ஆகும்?"

"ஆவணியில" என்றேனாம். ஆவணியாம்! எனக்கே இன்னும் ஆகவில்லை.

அப்புறம் அவர்கள் டீமே வரிசையில் நின்றிருக்கிறது. நடுவர் ஊதி ஊதி ஓய்ந்துவிட்டார். நாங்கள் மதுரையிலிருந்து கூலிக்குக் கூட்டிவந்த இரண்டு ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்களாம். நேரம் முடிந்தது. கோப்பை இரண்டு ஊருக்கும் பொது.

குருசாமி பஸ் ஏறும்போது பலவேசத்திடம் சொல்லிவிட்டுப் போனாராம்: "எங்களுக்குக் கோலக் காக்கத்தான் ஆளு வேணும். ஊரக் காக்க இல்ல."

போச்சு. எல்லாம் போச்சு! நானே போய் வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா... எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது? வீம்பு பிடிச்ச நாயே, தூக்கு வாழைத்தார!

அம்மா மட்டும் இன்று கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். கையைக் கழுவாமல் வெகுநேரம் அழுதேன்.

13-3-38

சந்தையில் புதுப் பாட்டு:

"காத்தான் பாரு காத்தான் பாரு
கருப்பு வந்து காத்தான்!"

மெட்டைக்கூட மாற்றவில்லை, சோம்பேறிகள்.

4-9-38

ஆதித்தன் வெற்றிலை பாக்கோடு வந்திருந்தான். வருகிற வியாழக்கிழமை கல்யாணம். ஆவணி.

வந்ததும் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான். எழுந்திரப்பா, நான் சுயமரியாதைக்காரன் என்று சொல்லத்தான் குனிந்தேன். அதற்குள் அம்மா திருநீற்றுத் தட்டை என் கையில் வைத்துவிட்டாள். அவன் நெற்றியை நிமிர்த்திக் காத்திருந்தான். எவ்வளவு நேரம்தான் காக்கவைப்பது? பூசிவிட்டேன்.

வாசலில் அவர்கள் கோல்கீப்பர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஏதோ கேட்க வேண்டுமாம்.