மணிக்கட்டு மாறிய காப்பு

என் பிரியமுள்ள அண்ணிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில் உங்கள் பிளாஸ்க்கைத்தான் எடுத்தேன். வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த உப்புக் கரைசலைச் சூடாக்கி நிரப்பினேன். உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், இன்னும் எழவில்லை. ரோஷ் புவா கசாப்புக்கூடத்தில் பன்றியின் சூலகங்கள் சூடு ஆறுவதற்குள் என் கைக்கு வந்தாக வேண்டும். ஆறிவிட்டால் அவற்றில் இருக்கும் முட்டைகள் எதற்கும் உதவாது.

நீங்கள் ஸ்வெட்டர் ஃபேக்டரிக்கு டீ கொண்டுபோன பிளாஸ்க் அது. பன்றி பட்ட பாத்திரம் இனி வீட்டுக்குள் வரக்கூடாது என்று அத்தை சொன்னபோது நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "விடும்மா, அதுக்கு என்னைவிட நல்ல வேலை கிடைச்சிருக்கு" என்றீர்கள். நீங்கள் பேசுவது கிரியோல். நான் அதை எனக்குத் தெரிந்த தமிழில்தான் எழுத முடியும். இன்றைக்கும் வீட்டில் அதற்கு இடம் பின்பக்கக் குழாயடிதான்.

உங்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். மரபணுச் சோதனைக்கு நாங்கள் அனுப்பிய கருக்களின் படம் பிரான்சிலிருந்து வந்துவிட்டது.

எதைப் பற்றி என்று உங்களுக்கு நினைவிருக்கும். புது ஹோட்டல்கள் வர வர இங்கே பன்றி இறைச்சிக்குத் தேவை கூடியது. நல்ல இனத்தைப் பெருக்க, கருவைத் தாயின் உடலுக்கு வெளியே கண்ணாடித் தட்டில் சில நாள் வளர்க்கப் பழக வேண்டும் என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் முடிவெடுத்தார்கள். ஆனால் எங்கள் கருக்கள் நான்கு செல்லோடு நின்றுபோயின. அதுவரை கரு தன் தாய் முட்டைக்குள் சேர்த்துவைத்த கையிருப்பில் ஓடுகிறது. அது தீரும் நேரத்தில் கருவின் சொந்த மரபணுக்கள் விழித்து வேலையைத் தொடங்க வேண்டும். சரியாக அந்த இடத்தில்தான் எங்களுடையவை மௌனமாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டே, ஏன் நிற்கிறது என்று கேட்டீர்கள். ஸோன் ஃபிரான்ஷில், அந்த ஏற்றுமதி வட்டாரத்தில், இருக்கும் உங்கள் ஃபேக்டரியை வைத்துச் சொன்னேன். அலமாரியில் எல்லா மாதிரி அட்டைகளும் இருக்கும், ஆனால் எந்த நூல் வந்து இறங்குகிறதோ அதற்கேற்ற அட்டைதான் மேசைக்கு வரும். கருவுக்குள்ளும் மரபணுக்கள் எல்லாம் இருக்கின்றன. எது திறக்கும், எது மூடிக்கிடக்கும் என்பதில் நாங்கள் கரைசலில் கலக்கும் சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. நீங்கள் கீரைத் தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு, "அப்போ உன் முட்டையும் ஒரு ஸோன் ஃபிரான்ஷ்தான். ஓவர்டைம் உண்டா?" என்று கேட்டீர்கள். அத்தைகூடச் சிரித்துவிட்டார்.

இப்போது வந்த படத்தில் இரண்டு வரிசைக் கோடுகள் இருக்கின்றன. ஒன்று, தொடக்கத்திலிருந்தே குளுக்கோஸ் தாராளமாகக் கொடுத்த கருக்களுடையது. அதில், செல் நெருக்கடியில் இருக்கும்போது திறந்துகொள்ளும் மரபணுவின் கோடு பளிச்சென்று தெரிகிறது. இன்னொன்று, முதலில் பைருவேட், லாக்டேட் என்ற இரண்டு எளிய சத்துகளை மட்டும் கொடுத்து, நான்கு செல்லைத் தாண்டிய பிறகு குளுக்கோஸ் கொடுத்தவை. அதில் அதே கோடு மங்கல், அதாவது நெருக்கடி குறைவு. இரண்டுக்கும் ஒரே நாள் எடுத்த முட்டைகள்தான். சாப்பாடும் அது வந்த வரிசையும்தான் வேறு. ஒரு படத்தை வைத்து எதையும் முடித்துச் சொல்லிவிட முடியாது, திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். இருந்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தேன்.

பார்க்கும்போது உங்கள் ஞாபகம் வந்தது. சென்னையில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, கிரியோல் ஒரு வார்த்தை தெரியாமல் இந்தத் தீவுக்கு, சாந்த் குருவாவில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான். அந்த முதல் வருடங்களில் நான் நின்றுபோகாமல் இருந்தது எதனால், அண்ணி?

காப்பு விஷயத்தை இதுவரை நான் எழுதியதில்லை. உங்களிடம் சரியாக நன்றி சொன்னதும் இல்லை.

கல்யாணமாகிப் பல வருடமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. பன்றிக் கருவில் கைவைக்கிறாள், பிறகு எப்படித் தங்கும் என்று உறவில் பேச்சு. அத்தை என் பேரில் பால்குடம் நேர்ந்துகொண்டார். நான் மறுக்கவில்லை. எனக்கும் ஆசை இருந்தது. தைப்பூசக் காவடிக்குக் கொடியேறிய அன்று குருக்கள் என் மணிக்கட்டில் மஞ்சள் தோய்த்த காப்பு நூலைக் கட்டினார். பத்து நாள் விரதம், முடியும்வரை நூலை அவிழ்க்கக் கூடாது. சூலகங்களைத் தொடுவதில்லை, கண்ணாடித் தட்டுகளை மட்டும் கையாள்வது என்று நானே ஓர் எல்லையும் வகுத்துக்கொண்டேன்.

கிருமி நுழையாத கூண்டுக்குள் கைவிடும் முன் முழங்கைவரை ஆல்கஹால் தெளிப்பது எங்கள் வழக்கம். ஆல்கஹாலில் மஞ்சள் கரையும் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை. கையுறை ஓரமாக வழிந்து ஒரு சொட்டு தட்டில் விழுந்தது. அந்தத் தட்டில் ஒன்றுகூட இரண்டு செல்லைத் தாண்டவில்லை. தருவித்த கரைசல் கெட்டுப்போவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. நூலை அவிழ்த்தால் விரதம் போகும், அவிழ்க்காவிட்டால் வேலை போகும். அது தெரிந்த அன்று மாலை நீங்கள் வந்து கேட்டபோதுதான் சொன்னேன்.

நீங்கள் உடனே என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். குருக்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், கிரியோல் தெரியாது. உங்களுக்குச் சாமி பெயர்களைத் தாண்டித் தமிழ் வராது. என் வழக்கை நானே இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

கட்டின காப்பை நடுவில் அவிழ்க்கிற வழக்கம் இல்லை என்றார் அவர்.

"அவிழ்க்க யார் சொன்னா? என் கைக்கு மாத்துங்க. நேர்த்திக்கடன் அதேதான், சுமக்கிற தலைதான் வேற" என்றீர்கள்.

குருக்கள் சந்நிதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு, அம்மா மீதி நாளெல்லாம் சுத்தமாக இருப்பார்களா என்று என்னிடம் கேட்டார். உப்பு மீன் இல்லாமல் உங்களுக்குச் சோறு இறங்காது என்பது ஊருக்கே தெரியும். நான் தயங்குவதைப் பார்த்து நீங்களே புரிந்துகொண்டீர்கள். "கடல்ல இருக்கிற மீனெல்லாம் கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கட்டும்னு சொல்லு" என்றீர்கள். அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டேன். அவருக்கு எப்படியோ புரிந்து சிரித்துவிட்டார்.

பகலெல்லாம் ஃபேக்டரியில் நின்று, மாலையில் கோயிலுக்குப் போய், காவடியன்று உருகும் தாரில் வெறுங்காலோடு எனக்காகப் பால்குடம் சுமந்தீர்கள். அந்த நாட்களில்தான் முதல் தடவையாக எங்கள் கரு ஒன்று நான்கைத் தாண்டி எட்டாகப் பிரிந்தது. குழந்தை வரவில்லை. வரப்போவதில்லை என்று உறுதியான அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, "என் தமிழ் சாமிக்குப் புரியலை போலிருக்கு. பிள்ளை கேட்டேன், பன்றிக் கருவைக் கொடுத்துட்டார்" என்றீர்கள். அழுதுகொண்டே சிரித்தேன். நீங்களும்தான்.

போன குளிர்காலத்தில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். நேற்று மறுபடியும் கொடியேறிவிட்டது.

இன்று காலை பிளாஸ்க்கோடு ஆய்வுக்கூடத்துக்குப் போனால், மாலதி நீளக்கை சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறாள். இந்த வெயிலில். தேர் ரூஜ் ஊரிலிருந்து வரும் மாலதி, உங்களுக்குத் தெரியும், என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னோடு வேலை செய்பவள். சட்டைக் கையைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டினாள். காப்பு. மகன் காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்டதாம். பையன் எழுந்துவிட்டான், கடனை அடைக்க வேண்டும்.

படத்தை அனுப்பிய பிரெஞ்சு ஆய்வுக்கூடத்தின் அம்மையார் இந்த வாரம் இங்கே வருகிறார். நாங்கள் கருக்களை வளர்ப்பதைக் கூடவே இருந்து பார்த்து, ஒருவரைத் தேர்ந்து பயிற்சிக்கு அழைத்துப் போவார். ஒரே ஓர் இடம். தட்டுகளை யார் கையாள்கிறார்களோ அவர்களுக்குத்தான் கிடைக்கும். மாலதி இதற்காக மாதக்கணக்கில் பழகியிருக்கிறாள். முட்டையை உறிஞ்சி எடுக்கும்போது அவள் விரல் நடுங்குவதில்லை. என் விரல் இப்போதெல்லாம் கொஞ்சம் நடுங்குகிறது.

அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டு, "லேஸ் ஸா, மதாம்" என்றாள். விட்டுவிடுங்கள் என்று. "நீங்களே செய்யுங்க. எனக்கு அடுத்த தடவை பார்க்கலாம்."

அடுத்த தடவை என்று ஒன்று வருமா என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் தலைவரும் நானே செய்வேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் அந்த இடம் வேண்டும், அண்ணி. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? படத்தில் மங்கலாக இருக்கிற அந்தக் கோடு ஏன் மங்குகிறது என்று என் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று எவ்வளவோ நாளாக ஆசை.

காலை முழுக்க வேலையிலேயே இருந்தேன். சூலகங்களைக் கழுவினேன், கரைசல்களைச் சூடேற வைத்தேன். அவள் தள்ளி நின்று குறிப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். இப்போது மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு, மாலதியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகப்போகிறேன். எதற்கென்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் தம்பியிடமும் சொல்லவில்லை. அதே குருக்கள்தான் இருக்கிறார். இந்தத் தடவை மொழிபெயர்க்க ஆள் வேண்டாம், நானே கேட்டுக்கொள்வேன். அவள் கையிலிருக்கும் காப்பு என் கைக்கு வரட்டும். அவள் மகனுக்கான பாலை நான் சுமக்கிறேன். நாளைக் காலை ரோஷ் புவா வாசலில் உங்கள் பிளாஸ்க்கோடு நிற்கப்போவது மாலதி.

பால்குடத்தை வழியில் எங்கேயும் இறக்கிவைக்க மாட்டேன், உங்களைப் போலவே.

நீங்கள் பாரம் வாங்கிக்கொண்ட
தம்பி பெண்டாட்டி,
சரோஜா