கால் மணி நேர ரத்தம்

7 செப்டம்பர் 1960, புதன்

இன்றும் பன்னிரண்டு மணிக்குத்தான் ரத்தம் எடுக்க நோயாளிகளை அனுப்பினார் டாக்டர் ராஜாராம். பன்னிரண்டரைக்கு அவர்கள் ஊர் திரும்பும் திருமுக்கூடல் பஸ். அதற்குள் ஏழு பேருக்கும் சோதனை முடிவு எழுதிய சீட்டு வேண்டுமாம். நான் லேப்காரனா, பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பரா?

ரத்தம் குழாயில் முழுசாக ஒரு மணி நேரம் நின்று எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்க்க வேண்டிய இ.எஸ்.ஆர். சோதனை. அதை அரை மணிக்குள் கொடு என்றால் எவன் கொடுப்பான்? எனக்கு முன்னால் இருந்த கன்னியப்பன் காட்டிய வழிதான் — கால் மணியில் பார்த்து நாலால் பெருக்கி எழுதிவிடுவது. ஒரு வருஷமாக இதே பிழைப்பு. இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

12 செப்டம்பர், திங்கள்

திருமுக்கூடலிலிருந்து நிலக்காரர் எல்லப்பன் தானே ஒரு பெண்ணை அழைத்து வந்தார். அக்கறையால் அல்ல. பாஞ்சாலி என்று பெயர், பதினேழு வயது, அவர் நிலத்தில் நடவு நடுகிறவள். கூடவே தாய் சிட்டம்மாள்.

"நேத்து இந்தக் கால் முட்டில வீக்கம் இருந்துச்சி, இன்னிக்கி அந்தக் கால்ல கீது டாக்டரு. ராவெல்லாம் காச்சல்" என்றாள் தாய்.

"வலி ஊர்வலமா போவுது? நடவு வந்தா இவளுக்கு நோவும் வந்துடும்" என்றார் எல்லப்பன்.

ரத்தம் எடுக்கும்போது முட்டியில் கை பட்டது. சுட்டது. ஆனால் கால் மணியில் இறங்கியது நாலுதான். பதினாறு என்று எழுதினேன்; இருபதுக்குள் இருந்தால் பயமில்லை என்று கணக்கு. டாக்டர் சீட்டைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், "உள்ளே ஒண்ணுமில்லை, வேலைக்குப் போகலாம்" என்றார். எல்லப்பன் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு எதற்கு அது?

13 செப்டம்பர்

ராஜாராம் மேல் கோபம் ஆறவே இல்லை. ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கலாம், மனுஷன்!

4 அக்டோபர், செவ்வாய்

காலையிலிருந்து மழை. பாஞ்சாலியை மாட்டு வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். மூன்று வாரம் முழங்கால் சேற்றில் நின்று நட்டிருக்கிறாள். இப்போது நடந்தால் மூச்சு வாங்குகிறது.

வழக்கம்போலக் கால் மணியில் பார்த்தேன். ஏழு. இருபத்தெட்டு என்று எழுதிக் கொடுத்தேன். மழையில் பஸ் வரவில்லை, அடுத்த ஆள் இல்லை, குழாயைக் கழுவ எடுக்கவும் இல்லை. ஒரு மணி நேரம் ஆனபிறகு தற்செயலாகத் திரும்பினேன்.

எண்பத்தெட்டு.

குழாய் நிற்கும் ஸ்டாண்டு சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன்; சாய்ந்தால் கூடுதலாக இறங்கும். நேராகத்தான் நின்றது. மிச்ச ரத்தத்தை வேறு குழாயில் ஏற்றி, பக்கத்தில் என் ரத்தத்தையும் ஏற்றி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முழு மணியில் எனக்கு ஐந்து. அவளுக்கு எண்பத்தாறு.

5 அக்டோபர்

புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சைக்கு நானே அடிக்கோடு போட்ட பக்கம்! உடம்பில் எங்காவது அழற்சி வந்தால் ரத்தத்திலுள்ள புரதங்களின் அளவு மாறுகிறது. ஆல்புமின் குறைகிறது, ஃபைப்ரினோஜனும் குளோபுலினும் ஏறுகின்றன. அவை ஏறினால் சிவப்பணுக்கள் தோசை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, கனத்து, வேகமாக இறங்கும். ஆனால் அடுக்கு சேரவே பத்து நிமிஷம் பிடிக்கும். அதுவரை மெதுவாகத்தான் இறங்கும். அப்புறம்தான் ஓட்டம்.

அந்த மெதுவைத்தான் நான் நாலால் பெருக்கிக்கொண்டிருந்தேன். நோய் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பெரிய பொய். தூ! கன்னியப்பன் சொன்னானாம், இவன் செஞ்சானாம். படிச்சவன் தானேடா நீ? முட்டி சுட்டுதுன்னு கைக்குத் தெரிஞ்சுதே, அப்பவாவது வாயத் தொறந்தியா?

மூன்று வாரமாக டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

6 அக்டோபர், வியாழன்

டாக்டரிடம் சொன்னேன். முதலில் புரியவில்லை, பிறகு கத்தினார். "ஒரு மணி நேர டெஸ்ட்டுய்யா அது!"

"பன்னிரண்டு மணிக்கு அனுப்பி அரை மணியில் சீட்டு வாங்கினீங்களே சார், அப்போ தெரியலையா?" என்று நானும் கத்தினேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

மூட்டுக் காய்ச்சல், இதயத்தைத் தொட்டுவிட்டது என்றார். நெஞ்சில் முணுமுணுப்பு கேட்கிறதாம், இதய வால்வு கெட்டதன் அடையாளம். பெனிசிலினும் சாலிசிலேட்டும் தொடங்கியாயிற்று. படுத்தே கிடக்க வேண்டும். மூன்று வாரம் முன்பே படுத்திருந்தால்? கேட்டேன். "தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம்" என்றார். வெளியே சொல்லாதே என்றும் சொன்னார்.

8 அக்டோபர்

வார்டில் மகள் கட்டிலருகே இருந்த சிட்டம்மாளிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அந்தச் சீட்ட எல்லப்பன் ஐயா நடவு நட்ற அத்தினி பேரு முன்னாடியும் படிச்சிக் காட்னாரு தம்பி. எம்பொண்ணு வேசம் போட்றான்னு. அன்னையிலருந்து அவகூட ஒருத்தி பேசல. எங்கிட்ட வந்து சொல்லிக்கினு இன்னா பிரயோஜனம்? அங்க வந்து சொல்லு."

16 அக்டோபர், ஞாயிறு

திருமுக்கூடல் போனேன், கோயிலுக்கு அல்ல. களத்துமேட்டில் எல்லப்பனும் இருந்தார், நடவுப் பெண்களும் இருந்தார்கள். அந்தச் சீட்டு தப்பு, எழுதியவன் நான், அந்தப் பெண் சொன்னதெல்லாம் நிஜம் என்றேன்.

"டாக்டர் சொன்னாரா, நீயா சொல்றியா?" என்றார் எல்லப்பன்.

"ரத்தம் சொல்லுதுங்க. அன்னிக்கும் சொல்லிச்சி. நான்தான் முழுசா கேக்கல."

ஒருத்தி மட்டும், "எத்தினி பேருக்கு இப்பிடி எழுதினே?" என்றாள். பதிவேட்டில் நூற்றுப் பதினான்கு பெயர் இருக்கிறது. அதையும் சொன்னேன். எல்லாருக்கும் கார்டு போட்டுக்கொண்டிருக்கிறேன், மறுபடி வரச் சொல்லி. ராஜாராம் முறைக்கிறார். முறைக்கட்டும்.

6 டிசம்பர், செவ்வாய்

பாஞ்சாலி வந்தாள். முழு மணி நேரமும் குழாய்க்கு எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தாள். பதினொன்று. புரதமெல்லாம் தணிந்துவிட்டது. எழுதிக் கையில் கொடுத்தேன்.

"நல்ல நம்பர் தானே?" என்றாள். முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்ப தையில வர்ற நவரை நடவுக்குப் போலாமா?"

நெஞ்சில் முணுமுணுப்பு அப்படியே இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காய்ச்சல் திரும்பி வந்து இதயத்தை இன்னும் கெடுக்காமலிருக்க மாதம் ஒரு ஊசி, வருஷக்கணக்கில். போகக் கூடாது பாஞ்சாலி, இனிமேல் நடவுக்கே போகக் கூடாது என்றேன்.

சீட்டை என் மேஜைமேல் திருப்பி வைத்தாள்.

"அன்னிக்கி நோவுல கெடந்தப்ப, ஒண்ணுமில்ல போன்னு எழுதினே. இன்னிக்கி ஒண்ணுமில்லன்னு எழுதிட்டு, போவாதேன்றே" என்றாள். "உன் சீட்ட வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"