ஒண்ணே ஒண்ணுதான் மாப்ள

ஜூன் 9, திங்கள்

நானும் வீட்டுக்காரரும் சேலம் போய் வந்தோம். குடியை நிறுத்த மாத்திரை தருவார்கள் என்று பார்த்தால் நாடகம் போடச் சொல்கிறார்கள். கவுன்சலர் வினோலியா, சின்னப் பெண். நாடகத்தில் நான் இவருடைய குடிக் கூட்டாளியாம். காலி டம்ளரை நீட்டி, "ஒண்ணே ஒண்ணு மாப்ள" என்று கெஞ்ச வேண்டுமாம். இவர் என் கண்ணைப் பார்த்து, "வேண்டாம், நான் உட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டும். காரணம் சொல்லக் கூடாது, சொன்னால் பேச்சு வளருமாம்.

இவர் சொன்ன லட்சணம்! சுவரைப் பார்த்துச் சொன்னார். லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து நாள் முழுக்க டிரைவர்களின் பொய்யைக் கேட்கிறவள் நான். என்னை நம்பச் சொல்கிறார்கள்.

ஜூன் 14, சனி

தினமும் சாப்பிட்டதும் ஒத்திகை. கேவலம். பட்டறை வேலை முடிந்து இவர் வரும் வழியையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், பிராந்திக் கடை கண்ணில் படக் கூடாதாம். சங்ககிரியில் கடை இல்லாத வழி எது, ரயில் தண்டவாளமா?

ஜூன் 22, ஞாயிறு

அண்ணன் வேலுசாமி வந்தான். இவர் குடித்துவிட்டு லாரியைப் பள்ளத்தில் இறக்கினாரே, அன்றே தன் வீட்டு மேல் ரூமை எனக்காக ஒழித்து வைத்தவன். இன்னொரு தரம் குடித்தால் நான் அங்கேதான். இவர் திருந்தினால் கிடா வெட்டுவதாக முனியப்பனுக்கு வேண்டியிருந்தானாம். ஆடி முதல் ஞாயிறு என்று நாள் குறித்துவிட்டான். அதற்குள் என்ன அவசரம்?

ஜூலை 20, ஞாயிறு

குடியை விட்டதற்குக் கிடா வெட்டு. கோயிலுக்குப் பின்னால் ஒரு பெட்டி பாட்டில்! த்தூ.

டம்ளரை நீட்டியதே அண்ணன்தான். "ஒண்ணே ஒண்ணுதான் மாப்ள. முனியப்பனே குடிக்கற சாமிதான்."

இவர் அவன் கண்ணைப் பார்த்தார். "வேண்டாம் மச்சான், நான் உட்டுட்டேன்." எழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் இவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். மறுபடியும் அதையே சொன்னார்.

"பொண்டாட்டிக்குப் பயந்துட்டயா? நீயெல்லாம் ஆம்பளையா?" என்றான் அண்ணன்.

டம்ளர் இவர் வாயருகே. இந்தத் தரம் இவர் அவன் கண்ணைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தார் — இவ்வளவுதானா என் அண்ணன்? என்னைக் கொண்டுபோய் அந்த ரூமில் வைத்தால்தான் இவனுக்குத் தூக்கம் வருமா?

டம்ளரைப் பிடுங்கி அவன் இலையிலேயே கொட்டினேன், கறிச்சோற்றின் மேல். "இனி என் மூஞ்சில முழிக்காத" என்றான். நீ முழிக்காதடா!

பட்டினியாக வீடு வந்தோம்.

ஜூலை 21, திங்கள்

வினோலியாவிடம் சொன்னேன். இவர் இரண்டு தரம் சொன்னதே பெரிசுங்க அக்கா என்கிறாள். பெரிசாம். திரும்பும்போது பஸ்ஸில் இவர் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

அண்ணன் பேசுவதில்லை. அண்ணிதான் போன் செய்தாள். மேல் ரூமை யாரோ வாடகைக்குக் கேட்கிறார்களாம். "நீ வர்றதா இருந்தாச் சொல்லு கண்ணு, வெச்சிருக்கறோம்."

உள்ளே இவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். ஒவ்வொன்றும் ஜல்லிக்கல் அளவு. இதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை.

"வாடகைக்கே உட்டுருங்க அண்ணி" என்றேன். "குடிக்காத ஆளாப் பாத்து உடுங்க."