காரின் கோளாறு காட்டும் கருவி வாங்கிய விவரம்

இராஜபாளையம்,
25-11-2025, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் சுந்தரபாண்டியனுக்கு அப்பா எழுதுவது.

இறையருளால் நானும் உன் தாயாரும் நலமாக இருக்கிறோம், கடந்த புதன்கிழமை முதல் நலத்தோடு சிரிப்பும் சேர்ந்திருக்கிறது. பெர்த்தில் நீயும் மருமகள் விஜியும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். விஜிக்கு இருமல் முழுவதும் விட்டதா என்று எழுதவும். கான்சாபுரம் தோப்புக்கு இந்த ஐப்பசியில் போதுமான மழை கிடைத்தது. இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய், தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அதற்கு வழியில்லை, ஆகவே கடைசி வரி வரை படி.

நீ எங்களுக்கு வாங்கித் தந்த ஜெர்மன் காரில் 22-09-2025 திங்களன்று மஞ்சள் விளக்கு எரிந்ததும், முன்பக்கத் தானியங்கி பிரேக் உதவி இயங்காது என்று திரையில் எழுத்து வந்ததும் உனக்குத் தெரியும். உன் தாயார் நம் தெருவில் உள்ள பெண்கள் நால்வரை ஏற்றிக்கொண்டு மடவார் வளாகம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சாம்சன் கட்டைவிரல் அளவுள்ள ஒரு கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, செல்போனில் பார்த்துவிட்டு, கோளாறு எதுவும் காட்டவில்லை என்றார். அதை நான் உனக்குச் சொன்னது 26-10-2025 ஞாயிற்றுக்கிழமை. உடனே நீ, காரில் கோளாறு இல்லையென்றால் அம்மா எங்கேயோ முன்பக்கத்தை இடித்துவிட்டு மறைக்கிறாள், இனி அவள் ஓட்டவே வேண்டாம், டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பு வழங்கிவிட்டாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிள்ள சொன்னாச் சரியாத்தான இருக்கும் என்று மட்டும் சொல்லி, சாவியைக் கொண்டுவந்து காலண்டர் ஆணியில் மாட்டினாள். எனக்குக் கண்ணில் நீர் அழுத்தம் என்று மருத்துவர் ஓட்டக்கூடாது எனச் சொன்ன பிறகு, அறுபது வயதில் பழகி 09-02-2023 அன்று லைசென்ஸ் வாங்கியவள் அவள். அந்த ஞாயிறுக்குப் பிறகு திங்கட்கிழமைகளில் ஐந்து பெண்களும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தார்கள். இடித்திருக்கிறாயா என்று நான் அவளிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, ஆனால் உனக்கு ஆதாரம் வேண்டுமே.

நீ பெர்த்திலிருந்து வாங்கி அனுப்புவதாகச் சொன்ன கருவியும் சாம்சனிடம் உள்ளது போன்றதே. அதைப் பற்றி விசாரித்தேன். அந்தச் சிறிய கருவி இன்ஜினிடம் மட்டுமே பேசும். இத்தகைய காரில் கியருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, காற்றுப்பைக்கு ஒன்று, முன்னால் போகும் வண்டியைக் கவனிக்கும் ரேடாருக்கு ஒன்று எனத் தனித்தனிக் கணினிகள் இருக்கின்றன. ஒரு வீட்டுக்குப் போய் வாசலில் நிற்பவரிடம் மட்டும் நலம் விசாரித்துவிட்டு, எல்லோரும் சௌக்கியம் என்று ஊரெல்லாம் சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான் அந்தக் கருவி சொன்னதும்.

19-11-2025 புதனன்று சாம்சன் காரை ஓட்ட, நாங்கள் இருவரும் பின்னால் அமர்ந்து, இராஜபாளையத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அன்சாரிடம் போனோம். மூன்று கருவிகளை எடுத்து வைத்தார். இந்தக் கம்பெனிக் காரின் எல்லாக் கணினிகளையும் படிக்குமா, இந்தியாவில் விற்ற மாடல் அதன் பட்டியலில் உண்டா, வெறும் எண் காட்டுமா விளக்கமும் காட்டுமா, வருடந்தோறும் சந்தா கேட்குமா, எழுத்து என் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக வருமா என்று வரிசையாகக் கேட்டேன். அன்சார் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, அய்யா நீங்க கருவி வாங்க வந்தீகளா பொண்ணு பாக்க வந்தீகளா என்றார். உன் தாயார் விடவில்லை, என்னையப் பாக்க வந்தன்னைக்கு இவிய ஒரு கேள்விகூடக் கேக்கல தம்பி, காபி சூடா இருக்குன்னு மட்டுந்தான் சொன்னாக என்றாள். கடையே சிரித்தது. 02-09-1984 அன்று கொடுத்தது காபி அல்ல, பால் என்பதை அங்கேயே திருத்தினேன்.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது. கையடக்கத் திரை உள்ளது, எல்லாக் கணினிகளையும் ஒவ்வொன்றாக அழைத்து விசாரிப்பது. வாங்குவதற்கு முன் நம் காரிலேயே செருகிக் காட்டச் சொன்னேன். இன்ஜின் சரி, கியர் சரி, பிரேக் சரி என்று வந்து, முன்பக்க ரேடார் என்ற இடத்தில் சிவப்பாக நின்றது. ரேடாரின் பார்வையை ஏதோ மறைக்கிறது என்று விளக்கம். இடித்ததற்கோ அது இடம் பெயர்ந்ததற்கோ ஒரு குறிப்பும் இல்லை. நால்வரும் காரின் முன்னால் போய் நின்றோம். அந்த ரேடார் இருப்பது கிரில்லின் நடுவில் உள்ள வட்டச் சின்னத்துக்குப் பின்னால். சின்னத்தின் மேல் திருஷ்டிக்காக ஒட்டிய செப்புத் தகடு பளபளவென்று இருந்தது. சாம்சன் தலையில் அடித்துக்கொண்டு, சாமித் தகடாச்சேன்னு சுத்திச் சுத்தித் தொடச்சேனே தவிர அதுல கை வைக்கலய்யா என்றார். அன்சார், நான் தொடலாமாம்மா என்று தயங்கினார். உன் தாயாரே கண்ணில் ஒற்றிக்கொண்டு உரித்தாள், உரிப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது, வெளிநாட்டு டேப்புல்ல என்றார் சாம்சன். பதிவை அழித்துவிட்டு பைபாஸ் வரை ஓட்டிப் பார்த்தோம், விளக்கு எரியவில்லை, அந்தக் கருவியையே வாங்கிக்கொண்டேன்.

மகனே, 20-09-2025 சனிக்கிழமை, விடுமுறை முடிந்து நீ பெர்த்துக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், ரத வீதியில் அந்தத் தகட்டை வாங்கி, அம்மா ஓட்டும் வண்டிக்கு ஒரு காப்பு இருக்கட்டும் என்று சொல்லி, பெர்த்திலிருந்து கொண்டுவந்த டேப்பால் நட்டநடுவே ஒட்டியவன் நீ.

உன் தாயார் கடைப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குத்தான் கோபம் வந்தது. அவளோ, பாசத்துல ஒட்டுன பிள்ள, அவங்கிட்டச் சொல்லிறாதீக, சங்கடப்படுவான் என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. நேற்று கார்த்திகை இரண்டாவது சோமவாரம், அந்த நான்கு பெண்களும் வாசலில் வந்து நின்று, ஏட்டி ஆவுடை, சாவிய எடுக்கியா இல்ல நாங்க எடுக்கவா என்று சத்தம் போட்டதும் சிரித்துக்கொண்டே எடுத்தாள், நால்வரையும் ஏற்றிக்கொண்டு மடவார் வளாகம் போய் வந்தாள். எனினும் திரும்பி வந்து, இது உள்ளூருக்கு மட்டுந்தான், பிள்ள வேண்டாம்னு சொன்னது சொன்னதுதான என்று சாவியை மறுபடி ஆணியிலேயே மாட்டிவிட்டாள்.

ஆகவே நீ கருவி எதுவும் வாங்கி அனுப்ப வேண்டாம். நீயும் விஜியும் நோயின்றி, மனக்குறையின்றி, ஒருவருக்கொருவர் துணையாக நெடுங்காலம் வாழ என் ஆசிகள். வருகிற ஞாயிறு 30-11-2025 அன்று அம்மாவை அழைக்கும்போது தகட்டைப் பற்றி மூச்சு விடாதே, மன்னிப்பும் கேட்காதே. 10-01-2026 அன்று பொங்கலுக்கு நீங்கள் வந்து இறங்கும்போது, மதுரை விமான நிலையத்துக்கு நீயே ஓட்டிட்டு வந்து எங்களக் கூட்டிட்டுப் போறியாம்மா என்று மட்டும் கேள். முன் இருக்கையில் நான் வருவேன், பெட்டிகளைக் குறைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்புத் தந்தை
ஆ. தனுஷ்கோடி