கருப்பசாமி துணை, பசிபிக் கடல்

என் பிரியத்துக்கும் கொஞ்சம் கோபத்துக்கும் உரிய கேப்டன் அண்ணனுக்கு,

செல்லூரிலிருந்து உங்கள் தங்கச்சி மீரா எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் இடத்தில் நீங்கள் இல்லை. ஆனாலும் அங்கே தண்ணீரை அளந்துதான் தருகிறார்களா, வேண்டிய மட்டும் குடிக்க விடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. நீங்கள் போன அன்று மேலூருக்கு வந்தேன். அண்ணி உங்கள் வாயில் பால் ஊற்றினார்கள். அழுதுகொண்டிருந்த எனக்கு, இது இன்றைய பங்கில் சேருமா என்று மனதில் ஓடியது. எங்களை அப்படி ஆக்கி வைத்திருந்தீர்கள்.

இதைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் எனக்கும் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வெள்ளி என்று வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே டயாலிசிஸ் சென்டரில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடப்போம். கையில் ஊசியைக் குத்தினால் நாலு மணி நேரத்துக்கு அசைய முடியாது. குடித்த தண்ணீர் வெளியே போகாமல் நுரையீரலில் போய் நிற்கும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான் கணக்கு. காபி, கஞ்சி, ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். மதுரைச் சித்திரை வெயிலில் இதைக் கடைப்பிடிப்பது எப்படிப்பட்ட தண்டனை என்று மதுரைக்காரர்களுக்கே தெரியும்.

அப்படி ஒரு சித்திரையில்தான் டெக்னீஷியன் ஜமாலிடம் ஒரு மடக்குத் தண்ணீருக்காக நான் சண்டை போட்டேன். அவர் பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நீங்கள் தலையை மட்டும் திருப்பினீர்கள்.

“தங்கச்சி, கப்பல்ல போறோம்னு நெனச்சுக்க. சுத்தி அம்புட்டும் தண்ணி. குடிக்கத்தான் அளவு.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, “எங்க போகுது ஒங்க கப்பலு?” என்று கேட்டேன்.

“எங்க போகணும்?”

“ஒலகத்தச் சுத்தணும்.”

“சரி, ஏறு.”

அவ்வளவுதான். அடுத்த முறை வரும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் உலகப்படச் சார்ட் ஒன்றை வாங்கி வந்து, எதிர்ச்சுவரில் மருந்துப் பிளாஸ்திரியால் ஒட்டச் சொன்னீர்கள். டயாலிசிஸ் மெஷினின் ரத்தக் குழாயில் வரும் சிவப்பு மூடிதான் கப்பல். உங்கள் லாரியின் நெற்றியில் எழுதியிருந்த ‘கருப்பசாமி துணை’ அதற்கும் பெயரானது. சரக்கு என்னவென்று உங்களைக் கேட்கவே வேண்டியதில்லை. மேலூர்க் குவாரியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஆயுள் முழுக்கக் கல் ஏற்றியவர் நீங்கள். கிரேன் கல்லைத் தூக்கிக் கப்பலில் வைக்கும்போதெல்லாம் இது எந்த ஊருக்குப் போகிறது என்று விசாரிப்பீர்களாம். இத்தாலி என்பார்கள், ஜப்பான் என்பார்கள். கல் போன ஊருக்கெல்லாம் நாம் போகவில்லையே என்ற வருத்தம் உங்களுக்கு இருந்தது. “கல்லு அடியில கெடந்தாத்தான் கப்பல் கவுறாது” என்று நம் கப்பலில் கல் ஏற்றியதற்கு ஒரு நியாயமும் சொன்னீர்கள்.

சட்டம் ஒன்றுதான். உள்ளே வந்ததும் எடை பார்ப்பார்கள் அல்லவா? நம் வரிசையில் இருக்கும் நாலு பேரில் யாருக்காவது அளவுக்கு மேல் ஏறியிருந்தால் அன்றைக்குக் கப்பல் நகராது. நம்மால் கப்பல் நிற்கக் கூடாது என்ற ரோஷத்திலேயே வாயைக் கட்டினோம். ஊசி ஏறியதும் குறட்டை விடும் செல்லத்தாயி அக்காகூட, எடை மெஷினில் ஏறும்போது செருப்போடு வளையலையும் கழற்றி வைக்க ஆரம்பித்தார்.

வடகிழக்குப் பருவக்காற்றைப் பிடித்து அரபிக்கடலைக் கடந்தோம். அந்தக் காலத்தில் மிளகு வாங்க வந்தவர்களும் இந்தக் காற்றுக்காகத்தான் கரையில் மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள் என்று என் போனில் படித்துச் சொன்னேன். “டோல்கேட்ல நிக்கிறாப்ல” என்றீர்கள். சான்சிபார் தீவில் இறங்கியபோது, அங்கே குஜராத்தி வியாபாரிகள் பல தலைமுறையாக இருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். எங்கள் முன்னோரும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தானே. நீங்கள் விடவில்லை. “ஒங்க ஆளுக இங்கயும் கடை போட்டாச்சா? துண்டு வெல கேட்டுச் சொல்லு தங்கச்சி.” எங்கள் வீட்டில் தறி ஓட்டித் துண்டு விற்பதை நீங்கள் கேலி செய்யாத நாள் ஏது?

ஆனால் அதே தீவில் மனிதர்களை விற்ற சந்தையும் இருந்தது என்று படித்த அன்று நீங்கள் சிரிக்கவில்லை. அவர்களைக் கப்பலின் அடியில் அடுக்கி ஏற்றியதைப் படித்துக்கொண்டிருந்தேன். “அவுகளுக்கும் தண்ணிய அளந்துதான் குடுத்திருப்பாக” என்றீர்கள். கொஞ்சம் கழித்து, “எங்க தாத்தன் பண்ணையாளா இருந்தவரு. எனக்கு இது புதுக் கத இல்ல” என்றீர்கள். அந்தத் துறைமுகத்தில் எதுவும் வாங்காமல், எதுவும் விற்காமல் கப்பலின் பாயை ஏற்றச் சொன்னீர்கள். ஜமால் மூடியைப் பிய்த்துத் தள்ளி ஒட்டினார்.

நீண்ட பயணத்தில் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, பல் விழுந்து, கூட்டம் கூட்டமாகச் செத்ததையும், எலுமிச்சை அவர்களைக் காப்பாற்றியதையும் பிரேசில் போகும் வழியில் பேசினோம். நமக்கோ அதுவும் ஆகாது. இளநீர், வாழைப்பழம், எலுமிச்சை எல்லாவற்றிலும் பொட்டாசியம். அது ஏறினால் இதயம் நின்றுவிடும். “நம்ம கப்பலுக்கு எலுமிச்சம்பழம் டயருக்கடியில வைக்கத்தான்” என்று நீங்கள் சொன்னதும் வரிசையே சிரித்து, ஒரு மெஷின் அலாரம் அடித்து, டாக்டர் ஓடி வந்தது ஞாபகம் இருக்கிறதா? மிளகாயும் நிலக்கடலையும் அந்தக் கரையிலிருந்துதான் நமக்கு வந்தன என்றபோது செல்லத்தாயி அக்கா கண் விழித்து, “அதுக்கு முன்னாடி மதுரையில சட்னிக்கு என்ன செஞ்சாங்க?” என்று கேட்டார். இதற்கு இன்னும் யாரும் சரியான பதில் சொல்லவில்லை.

பனாமா கால்வாய் வழியாகப் போனால் சீக்கிரம் போகலாமே என்றேன். எரிந்து விழுந்தீர்கள். “பாய்மரக் கப்பல் கால்வாய்க்குள்ள எப்படிப் போகும்? கயிறு கட்டி இழுக்கணும். வண்டிய டோ பண்ணிக்கிட்டுப் போறதா பயணம்?” ஆகவே தென் அமெரிக்காவின் வால் வரை இறங்கி, அங்கே உள்ள குறுகிய ஜலசந்தியில் எதிர்காற்றோடு மல்லுக்கட்டினோம். அங்கே வைத்துத்தான் முதன்முதலில் உலகத்தைச் சுற்றிய பயணத்தின் கதையைச் சொன்னீர்கள். பேரனை யூடியூபில் தேட வைத்துக் கேட்டு வந்திருந்தீர்கள். அந்தக் கேப்டன் இதே ஜலசந்தி வழியாகப் பசிபிக்கில் நுழைந்தார். பிலிப்பைன்ஸ் தீவுகளில் நடந்த சண்டையில் செத்துப்போனார். மிச்சம் இருந்தவர்கள்தான் கப்பலை ஊர் கொண்டு சேர்த்தார்கள்.

“இத எதுக்கு இப்பச் சொல்றீக?” என்று சீறினேன். “சும்மா சொன்னேன்” என்றீர்கள். சும்மாவா சொன்னீர்கள், அண்ணே?

ஜலசந்தியைத் தாண்டிய வாரத்தில், ஒரு வியாழக்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டீர்கள். வெள்ளிக்கிழமை சுவரில் சிவப்பு மூடி அப்படியே நின்றது. ஜமால் நகர்த்தட்டுமா என்று கேட்டார். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். உங்கள் மேல் எனக்கு வந்தது துக்கம் மட்டுமில்லை. நடுக்கடலில் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். நீங்கள் அதை நிஜமாகவே செய்துவிட்டீர்கள்.

அடுத்த வாரமே உங்கள் கட்டிலில் வேறு ஆள். பெயர் முருகேசன், நாற்பது வயது இருக்கும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே இளநீர் வெட்டுகிறவர். “இந்தக் கட்டில்லருந்து கப்பல் ஓடுச்சாமேக்கா?” என்று கேட்டார். ஓடியது, இப்போது ஓடவில்லை என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச காலம் ஒழுங்காக வந்தார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஆள் ஊதிப்போய் வந்து நின்றார். எடையைப் பார்த்துவிட்டு ஜமால் தலையில் கை வைத்தார். “என்னண்ணே குடிச்சீங்க?”

“தண்ணி ஒரு சொட்டு குடிக்கலப்பா. எளநிதான். அது மருந்துல்ல?”

சிரிக்கத் தொடங்கியவர்கள் டாக்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டோம். முருகேசன் நெஞ்சில் வயர்களை ஒட்டி, ஊசி மேல் ஊசி போட்டு, எப்படியோ அன்றைக்கு அவரைக் கரையேற்றினார்கள். போகும்போது, “இனிமே நான் வரலக்கா” என்றார். பயத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை கட்டில் காலி. நம் ஆட்கள் டயாலிசிஸை விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்து ஆரப்பாளையம் போனேன். பெரிய குடைக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், கால் இரண்டும் வீங்கி. என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அரிவாளை எடுத்து, “வெட்டவாக்கா?” என்றார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. அரிவாளைக் கீழே வைத்தார்.

“எதுக்குக்கா வரணும்? வாரத்துக்கு ரெண்டு நாள் கட்டிப் போட்டாப்ல. வருசம் தவறாம மலைக்குப் போனவன் நான். இனிமே எங்கயும் போக முடியாது. இப்படி உசிரோட கெடந்து என்ன செய்ய?” மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. “யாருய்யா எங்கயும் போக முடியாதுன்னது? ஒங்க கட்டில்ல படுத்துக்கிட்டு ஒருத்தரு ஆப்பிரிக்காவச் சுத்திட்டுப் போயிட்டாரு. நான் தென் அமெரிக்கா தாண்டி வந்தவ. கப்பலு பசிபிக்குல நிக்குது. ஆளு பத்தல, வாங்க.”

“கேப்டன்தான் செத்துட்டாருங்கிறாகளே.”

“மொத மொத ஒலகத்தச் சுத்துன கப்பலோட கேப்டனுந்தான் செத்தாரு. மத்தவங்க கொண்டுவந்து சேக்கலையா?”

நடுரோட்டில், மாட்டுத்தாவணி பஸ்ஸின் ஹாரனுக்கு மேலே கத்தி நான் அதைச் சொன்னேன். சொல்லும்போதுதான் நீங்கள் அந்தக் கதையை யாருக்காகச் சொன்னீர்கள் என்று புரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டேன். முருகேசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தக் கடல்ல தென்ன இருக்காக்கா?” என்றார்.

“தீவு தீவா இருக்கு. எந்திரிங்க.”

அதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அது வேறு ஆட்களின் முறை. ஆனாலும் ஜமால் கடைசியில் ஒரு மெஷினை ஒதுக்கிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் எடை பார்த்து முடித்ததும் ஜமால் சார்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, “கேப்டன் யாருக்கா?” என்று கேட்டார். “வேற யாரு? நான்தான்” என்றேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. நீங்கள் கேட்டிருந்தால் ஏதாவது கேலி சொல்லியிருப்பீர்கள், ஆனால் இடத்தை விட்டுக் கொடுத்திருப்பீர்கள்.

பிறகு நன்றாகவே ஓடுகிறோம், அண்ணே. முருகேசனுக்குக் கரை பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறேன். தேங்காய் உப்புத் தண்ணீரில் மிதந்தே தீவு விட்டுத் தீவு போய் முளைக்கும் என்று அவர் சொன்னார். அந்தத் தீவுக்காரர்கள் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்து அந்தக் கடல் முழுக்கப் போய் வந்தார்கள் என்று நான் படித்துச் சொன்னேன். அவருடைய எடை இப்போது ஏறுவதில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுக் கையை மட்டும் கழுவிக்கொள்கிறாராம்.

போன வாரம் சார்ட்டில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு வந்தது. கிழக்கிலிருந்து மேற்கே அதைத் தாண்டினால் காலண்டரில் ஒரு நாள் காணாமல் போய்விடும் என்று ஜமால் விளக்கினார். எந்த நாளைத் தூக்கிப் போடலாம் என்று வரிசையில் ஒரே சத்தம். டயாலிசிஸ் நாளைப் போடலாம் என்றார் செல்லத்தாயி அக்கா. கேப்டன் நான், முடிவு என்னுடையது என்றேன். அந்த வியாழக்கிழமையைப் போடுகிறேன் என்றேன். நீங்கள் போன வியாழக்கிழமையை. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

முருகேசன் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “அந்த நாளு மட்டும் இருக்கட்டும்க்கா. எடம் இல்லைன்னு நாலு ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பிச்சாங்க. அந்த வியாழக்கெழம சாயங்காலந்தான் கட்டில் காலியாயிருக்குன்னு எனக்குப் போன் வந்துச்சு.”

கடைசியில் யாருக்கும் ஒன்றும் நடக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கடலில் போட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினோம்.

இனி பிலிப்பைன்ஸ், மலாக்கா, பிறகு நம் வங்கக்கடல். தூத்துக்குடி வரை கொண்டுவந்து சேர்ப்பேன், இது சத்தியம். வழியில் ஆள் குறைந்தால் ஏற்றிக்கொள்வேன். அந்த வியாழக்கிழமையையும் பத்திரமாக வைத்துக்கொள்வேன், அண்ணே.

கூடப்பிறக்காமலே கூட வந்த தங்கச்சி,
மீரா
செல்லூர், மதுரை