உச்சி மாடிச் சுவரில் திறந்த அவசர வழிக் கதவை அடைக்க வேண்டாம் என்பது பற்றி

அனுப்புநர்:
பத்ம கேசரி தாம்ராகார்,
க/பெ. மறைந்த அஷ்ட ரத்ன தாம்ராகார்,
இலாநனி டோல், லலித்பூர், நேபாளம்.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
விருந்தினர் இல்லத் தீப்பாதுகாப்புப் பிரிவு,
லலித்பூர்.

பொருள்: பழைய வீட்டை விருந்தினர் இல்லமாக மாற்றுதல் – அவசர வழிக் கதவை அடைக்கச் சொன்ன உத்தரவை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்களுடையது நூற்றுப்பத்து வருடத்து மர வீடு. கீழிருந்து மேல்வரை ஒரே ஏணிப்படி. அடுக்களை, எங்கள் வழக்கப்படி, உச்சி மாடியில். இதில் ஆறு விருந்தினரைத் தங்கவைக்க விண்ணப்பித்தேன். தங்கள் ஆய்வாளர் திரு. லோகராஜ் அவர்கள், "ஏணிப்படி பத்திக்கிட்டா மேல இருக்கிறவங்க எப்படிம்மா இறங்குவாங்க?" என்று கேட்டு, இரண்டாவது வழி கட்டாயம் என எழுதினார். கேள்வி நியாயமானது. அன்று எனக்குக் கோபம் வந்ததையும் ஒளிக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. இரண்டாவது வழிக்கு ஒரே இடம்தான் உண்டு. அடுக்களைச் சுவருக்கு அந்தப்புறம் என் கொழுந்தன் நுச்சே ரத்னவின் பாதி வீடு. நிலநடுக்கத்துக்குப் பின் அவர் சிமெண்டுப் படி கட்டியிருக்கிறார். அந்தச் சுவர், பாகப்பிரிவினையின்போது அண்ணனும் தம்பியும் சண்டையிட்டு எழுப்பியது. பத்தொன்பது வருடமாக இரு வீட்டுக்கும் பேச்சில்லை. என் கணவர் இறந்தபோது தம்பி வந்து நின்றார்; நான்தான் முகம் கொடுக்கவில்லை.

3. தங்கள் விதிக்காக அவர் வாசலில் போய் நின்றேன், ஐயா. "ஏன் அண்ணி, நெருப்புப் பிடிச்சாத்தான் எங்க வீட்டுக்கு வழி தெரியுமா?" என்றார். தலை குனிந்து திரும்பிவிட்டேன். மறுநாள் காலை சுவரில் தொம் தொம்மென்று சத்தம்! அவர் பக்கமிருந்து அவரே சம்மட்டியால் இடிக்கிறார்! நானும் இந்தப் பக்கமிருந்து கடப்பாரையை எடுத்தேன். பொறியாளர் குறித்த அளவுக்கு மேல் ஒரு செங்கல்கூட எடுக்கவில்லை, படம் இணைத்துள்ளேன்.

4. விதிப்படி தீ தாங்கும் கதவு, தானே மூடிக்கொள்ளும் அமைப்பு, இரு பக்கமும் பூட்டு இல்லை. பூட்டே கூடாது என்று விதி எழுதியவர் நூறு வருஷம் நன்றாயிருக்கட்டும்!

5. பிழை எங்களுடையது. மறு ஆய்வு நாளில் அந்தக் கதவு சாத்தியிருக்கவில்லை. என் ஓரகத்தி ஞானி ஷோபா, லாப்சிக்காய் ஊறுகாய் ஜாடியை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தாள். அவள் அடுப்பில் பருப்பு, என் அடுப்பில் சோறு. இருவர் கையிலும் பாத்திரம், எத்தனை முறைதான் கதவைத் தள்ளுவது? ஆய்வாளரைப் பார்த்ததும், "மொதல்ல சாப்பிடுங்க சார், கதவு எங்க ஓடிடப்போகுது?" என்று வேறு சொல்லிவிட்டாள். அவர் சாப்பிடவில்லை. 'இது அவசர வழியல்ல, குடும்பப் புழக்க வாசல். சுவர்த் திறப்பை அடைத்து, வெளியே இரும்புப் படி வைக்கவும்' என்று எழுதிப் போனார்.

6. திறந்து கிடக்கும் கதவு புகையை நிறுத்தாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதற்கும் வழி இருக்கிறது, ஐயா! காந்தப் பிடிப்பான் என்று ஒன்று. கதவைத் திறந்தபடியே பிடித்திருக்கும். புகைமணி அடித்த நொடியில் விட்டுவிடும். வாங்கி மாட்டியாயிற்று. கடந்த சனிக்கிழமை காய்ந்த மிளகாயை வாணலியில் கருக்கி மணிக்குக் கீழே பிடித்தோம். மணி அலறியது, கதவு மடாரென்று சாத்திக்கொண்டது! என் அடுக்களையில் இருந்த இரு வீட்டார் பதினோரு பேரும் இருமிக்கொண்டே அதைத் தள்ளித் திறந்து, சிமெண்டுப் படி வழியாக முற்றம் சேர ஒரு நிமிடம் நாற்பது நொடி. கொழுந்தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை ஓடலாமா அண்ணி?" என்றார். ஓடினோம். ஒரு நிமிடம் இருபத்தைந்து!

7. ஆகவே தாங்களே நேரில் வந்து மணியை அடித்துப் பார்த்து, அடைக்கும் உத்தரவை நீக்கித்தர வேண்டுகிறேன். எங்கள் தசராவான மோகனி பண்டிகைக்கு முதல் விருந்தினர் வருகிறார்கள். இரும்புப் படியும் வேண்டுமென்றால் அதையும் வைக்கிறோம். அப்படியும் விதி இடம்தராது, சுவர் எழுப்பினால்தான் அனுமதி என்றால், இம்மனுவையே என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதமாக ஏற்றுக்கொள்ளுங்கள். விருந்தினர் வராவிட்டால் போகட்டும். அந்தச் செங்கல்லை மறுபடி அடுக்க எங்களால் ஆகாது.

இடம்: லலித்பூர்
நாள்: 12 பாத்ரா, விக்ரம சம்வத் 2081

பணிவுடன்,
பத்ம கேசரி தாம்ராகார்

சம்மதித்து ஒப்பமிடுபவர்:
நுச்சே ரத்ன தாம்ராகார், அதே வீடு.